கிருஷிபவனின் பெரிய வட்டம்

"ஏனுங்க, சின்னத்தாயக்கா லீவுன்னா ஆபீசும் லீவுதானுங்களா?"

வாளையார் ரோட்டில் இருக்கும் எங்கள் கிருஷிபவன் என்ற கேரள வேளாண் அலுவலக வாசலில், உர மானியத்துக்கு வந்த ஒரு விவசாயி இன்னொருவரிடம் கேட்டது இது. உள்ளே வந்துகொண்டிருந்த விவசாய அதிகாரி மோகனசுந்தரத்தின் காதிலும் விழுந்து தொலைத்தது.

சின்னத்தாயி எங்கள் தினக்கூலித் துப்புரவுப் பணியாளர். பதினோரு வருடமாக ஆறு மாதத்துக்கொரு முறை வேலையை நீட்டித்து வாங்குபவர். எந்த மலையாளப் படிவம் எந்த மானியத்துக்கு என்று தமிழ் விவசாயிகளுக்குச் சொல்வதும் அவர்தான். முப்பத்தொன்றாம் தேதி தவணை முடிகிறது. நீட்டிப்புக் கோப்பு அதிகாரியின் மேசையில் இருந்தது.

மேற்படி பேச்சின் உண்மைத்தன்மையை அறிவியல்பூர்வமாக ஆராய, நிகில் என்ற தரவு வல்லுநர் மடிக்கணினியோடு வரவழைக்கப்பட்டார். பக்கத்துப் பஞ்சாயத்துகளில் எல்லாம் சுவரில் வண்ண வரைபடம் மாட்டிவிட்டார்கள். நம்மிடம் மட்டும் காலண்டர்தான் தொங்குகிறது என்ற மனக்குறையும் அதிகாரிக்கு இருந்தது.

முறை எளிது. ஆளுக்கொரு வட்டம். ஒருவரிடம் இன்னொருவர் எதையாவது கேட்டால், கேட்கப்பட்டவர் வட்டத்துக்கு ஒரு கோடு. கோடு கூடக் கூட வட்டம் பெரிதாகும். பயிற்சிக்கு வந்திருந்த நான் மூலையில் உட்கார்ந்து இரண்டு வாரம் எண்ணினேன். நான் இருப்பதே யாருக்கும் தெரியாது என்பது இப்பணிக்கான தகுதியாகக் கருதப்பட்டது.

படம் வந்தது. சின்னத்தாயி சாப்பாட்டுத் தட்டு அளவு. மோகனசுந்தரம் கடுகு.

"படம் தலைகீழா இருக்குதா?"

"வட்டத்துக்குத் தலை ஏது சாரே?" என்றார் நிகில்.

மறுநாளே சுற்றறிக்கை: ஊழியர் ஒவ்வொருவரும் நாளொன்றுக்குப் பத்துக் கேள்விக்குக் குறையாமல் அதிகாரியிடம் கேட்க வேண்டும்.

"சார், வெத ரூம் சாவி எங்கீங்க?" என்று தொடங்கி வைத்தார் கிளார்க் செல்வப்பிரியா.

"இரும்மா," என்று எழுந்துபோன மோகனசுந்தரம், சின்னத்தாயியிடம் கேட்டுவந்து சொன்னார்.

ஒரு வாரத்தில் கடுகு மிளகானது. சின்னத்தாயியின் வட்டம் திரையை விட்டு வெளியே போனது.

"அதிகாரக் குவிப்பு," என்று நோயைக் கண்டுபிடித்தார் நிகில். "இந்த வட்டத்தை எடுத்தாப் போதும். இதோட கோடெல்லாம் உங்களுக்குப் பங்காகும்." ஒரு பொத்தானைத் தட்டினார். தட்டு மறைந்தது. மற்ற எட்டு வட்டங்களும் பூரி மாதிரி உப்பின.

"எம்பட வட்டத்தை இன்னொருக்கா காட்டுங்க," என்றார் செல்வப்பிரியா. பார்த்துவிட்டு, "அக்கா பாவமுங்க," என்று சொல்லிக்கொண்டே நீட்டிப்பு வேண்டாம் என்ற சம்மதத் தாளில் முதல் கையெழுத்தைப் போட்டார். எட்டுப் பேரும் போட்டார்கள். எனக்கும் ஒரு சின்ன வட்டம் ஒதுக்குவதாகச் சொன்னார்கள். நானும் போட்டேன்.

நீட்டிப்பு மறுக்கப்பட்ட உத்தரவு தயாரானது. அலுவலக சீலைத்தான் காணோம். மேசை மேசையாகத் தேடினார்கள்.

"சின்னத்தாயீ, சீலு எங்க இருக்குது?" என்று குரல் கொடுத்தார் மோகனசுந்தரம்.

ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தவர், மேசைமேல் கிடந்த தாளைக் கடைசி வரி வரை படித்தார்.

"இதுக்குங்களா?"

எல்லாரும் திரையைப் பார்த்தார்கள்.

சின்னத்தாயி அலமாரியின் மேல்தட்டிலிருந்து சீலை எடுத்தார். மையில் ஒற்றி அதிகாரியின் கையில் கொடுத்து, தாளில் எந்த இடத்தில் குத்த வேண்டும் என்று விரலை வைத்துக் காட்டினார்.