காதண்ணையின் மூன்று ஹெட்போன்கள்

அன்று மாலை அறையில் இருந்தவர்கள் மூன்று பேர்: நான், கிண்ணியாவிலிருந்து வந்து பேக்கரியில் வேலை செய்த நசீர், காதண்ணை. இல்லாதவர் வீட்டுக்காரர் செபமாலை ஐயா. சுகமில்லாத தங்கச்சியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். அவர் வீட்டில் இருந்திருந்தால் இதை எழுத வேண்டியே வந்திருக்காது.

யுத்த காலத்தில் திருகோணமலையில் எல்லோரும் உயிரைக் காப்பாற்றப் பாடுபட்டார்கள். காதைக் காப்பாற்றப் பாடுபட்டவர் எனக்குத் தெரிந்து காதண்ணை ஒருவர்தான். துறைமுகத்தில் மா மூட்டை எண்ணுவது அவருடைய வேலை. பகல் முழுக்கப் பாரந்தூக்கியின் இரைச்சலில் நின்றுவிட்டு, இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்து வருவார். சென்ரியில், ஆமிக் காவலரணில், நிற்பவன் நில் என்று கத்துவான். இவர் நடப்பார். மற்றவர்கள் ஓடிப்போய்ப் பிடித்து நிறுத்தினால், பஞ்சை மெதுவாக எடுத்து, "இப்ப சொல்லுங்கோ" என்பார். அவர் எப்படி உயிரோடு அறைக்கு வந்து சேருகிறார் என்பது எங்களுக்குத் தினமும் ஆச்சரியம். கொஞ்ச நாளில் ஆச்சரியப்படவும் களைத்துப் போனோம்.

அவருடைய பெரிய சொத்து ஓர் இளஞ்சிவப்புச் சவர்க்காரப் பெட்டி. அதற்குள் வயரும் ஒரு பற்றரியும் வைத்து, சின்ன அம்ப்ளிஃபயர் ஒன்றைத் தானே செய்திருந்தார். றேடியோவை ஒரு பக்கம் கொழுவினால் மறுபக்கம் மூன்று ஹெட்போன்களைக் கொழுவலாம். சட்டைப்பையில் வைத்து எங்கேயும் கொண்டு போகலாம் என்று பெருமைப்படுவார். வயரும் பற்றரியும் உள்ள பெட்டியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எந்தச் சென்ரியைத் தாண்டுவது? ஆகவே அது ஜன்னலிலிருந்து கட்டிலுக்கும் கட்டிலிலிருந்து ஜன்னலுக்கும் பயணம் செய்தது.

அது ஆடம்பரம் இல்லை. றேடியோச் சத்தம் வீட்டுக்கு முன்னால் போகிற ஒழுங்கைக்குக் கேட்டால் அறையைக் காலி பண்ணச் சொல்லுவேன் என்று செபமாலை ஐயா சத்தியம் செய்திருந்தார். நாங்கள் கேட்க விரும்பிய நிலையங்களோ கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலத்தான் கேட்கும்.

ஹெட்போன் மூன்றும் மூன்று சாதி. ஒன்று ஏதோ கப்பலின் வானொலி அறையிலிருந்து கழித்துவிட்டது. கறுப்பு, உரிக்காத தேங்காய்ப் பாரம். அது பாட்டுக்கு. இரண்டாவது தொலைபேசி நிலையத்தில் கழித்தது. அது செய்திக்கு. "செய்திக்கு அடித்தொனி கூடாது தம்பி. அடித்தொனி இருந்தால் பொய்யும் உண்மை மாதிரிக் கேக்கும்" என்பார். மூன்றாவதில் இடப்பக்கம் மட்டுமே வேலை செய்தது. அது மரண அறிவித்தலுக்கு. கெட்ட செய்திக்கு ஒரு காது காணுமாம். நசீர் ஒருநாள் தொலைபேசி ஹெட்போனில் பாட்டுக் கேட்டுவிட்டான். காதண்ணை அவன் கொண்டுவந்த பாணைத் தொடாமல் படுத்துவிட்டார்.

அந்த நாட்களில் முகாம்களில் இருப்பவர்களின் பெயர்களை மாலையில் ஒரு வானொலி வாசிக்கும். எங்கள் ஊர் இலங்கைத்துறையில் ஷெல் விழுந்து சனம் இடம்பெயர்ந்தது என்பதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது. அப்பாவும் அம்மாவும் எங்கே, இருக்கிறார்களா என்றுகூடத் தெரியாது. அப்பா கடலுக்குப் போகிறவர், எழுத வராது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எழுதத் தெரிந்த ஒரே ஆள் டவுனில் கந்தோர் உத்தியோகத்தில் இருக்க, கடிதம் வரவேண்டிய இடத்தில் எழுத ஆளில்லை. எனக்கு இருந்தது அந்தப் பெயர் வாசிப்பு ஒன்றுதான்.

எனக்கு எந்த ஹெட்போன் என்பதில் காதண்ணைக்குச் சங்கடம். யோசித்துவிட்டு ஒற்றைக்காதைத்தான் தந்தார். "நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ இன்னும் தெரியாதுதானே. தெரியுமட்டும் ஒரு காது." மற்றக் காதால் வெளிச்சத்தம் வந்து பெயரைத் தவறவிடக்கூடாது என்று என் வலக்காதில் தன் பஞ்சை அடைத்தார். அவரும் நசீரும் மற்ற இரண்டையும் போட்டுக்கொள்வார்கள். ஐந்து காது தேடினால் தப்பாதாம்.

அன்றைக்கு ஒழுங்கையில் ஒலிபெருக்கி கட்டிய வாகனம் வந்து, ஆண்கள் எல்லோரும் மைதானத்துக்கு வரவேண்டும் என்று அறிவித்துவிட்டுப் போயிருக்கிறது. சுற்றிவளைப்பு எங்களுக்குப் புதிதில்லை. போய் வெயிலில் குந்தியிருந்து, முகமூடி போட்ட ஆள்காட்டி எங்களைப் பார்த்துத் தலையாட்டாவிட்டால் திரும்பி வருவது. செபமாலை ஐயா இருந்திருந்தால் தும்புத்தடியால் சுவரில் இடித்து எங்களுக்கு அறிவித்திருப்பார். அந்த ஊரிலேயே ஒலிபெருக்கியைக் கேட்காமல் இருந்த மூன்று பேரும், நன்றாகக் கேட்பதற்காகவே உட்கார்ந்திருந்த நாங்கள்தான்.

கதவு திறந்தது. நாலைந்து துவக்குகள், பின்னால் ஓர் அதிகாரி. அவர்கள் கண்டது மூன்று தலைகள், மூன்று தலையிலிருந்தும் ஒரு பெட்டிக்குள் போகும் வயர்கள். கையை உயர்த்தச் சொன்னது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை, விளங்கியது. உயர்த்தினோம். ஹெட்போன் தலையிலேயே இருந்தது.

அதிகாரி காதண்ணையின் தலையிலிருந்த தொலைபேசி ஹெட்போனைக் கழற்றித் தன் காதில் வைத்தார். முகம் இறுகியது.

"பேர் சொல்றான். யார் பேர்?"

நசீர் காதண்ணையைப் பார்த்து, "அண்ணே, ஸ்டேஷன மாத்துங்க. சிங்களப் பாட்டு ஒண்டப் போடுங்க" என்று கெஞ்சினான். காதண்ணை றேடியோவையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். குமிழைத் திருப்பினால் மூன்று பேரும் தப்பலாம். எங்கள் ஊர் இருக்கிற வெருகல் பக்கத்துப் பெயர்கள் அப்போதுதான் தொடங்கியிருந்தன.

அவர் குமிழைத் தொடவில்லை. உயர்த்திய கையில் ஒன்றை இறக்கி, நசீரின் தலையிலிருந்த கப்பல் ஹெட்போனை எடுத்து அதிகாரியிடம் நீட்டினார். ஒரு துவக்கு அவர் நெஞ்சுக்கு வந்தது.

"சேர், அதில கேட்டால் எல்லாம் சந்தேகமாத்தான் கேக்கும். இதில கேளுங்கோ. முகாமில இருக்கிற சனத்தின்ர பேர். இந்தத் தம்பியின்ர தாய் தேப்பனும் வரலாம்."

அதிகாரி என்னைப் பார்த்தார். பிறகு அந்தத் தேங்காய்ப் பாரத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தார். எங்கள் மூவரில் ஒருவருக்கும் சரியாகப் பொருந்தாத ஹெட்போன் அவருக்கு அளவெடுத்தது போல இருந்தது. அவருக்குத் தமிழ் எவ்வளவு தெரியுமோ தெரியாது. ஊர், பெயர், அம்மா, பிள்ளை என்று வந்துகொண்டேயிருந்ததை அசையாமல் கேட்டார்.

இலங்கைத்துறை, கோணாமலை கதிர்காமு, மனைவி தெய்வானை, இருவரும் சுகம்.

இடக்காதில் மட்டும் கேட்டது. கையை உயர்த்தியபடியே அழுதேன், துடைக்க ஏலாது. காதண்ணை என் முகத்தைப் பார்த்தார். "நல்லதோ?" என்று கேட்டார். தலையாட்டினேன். "சே, ரெண்டு காதுக்கும் தந்திருக்கலாம்" என்றார்.

வாசிப்பு முடிந்தபின் அதிகாரி எழும்பினார். பெட்டி இங்கே இருக்கக்கூடாது, பெட்டி வருகிறதா, பெட்டியோடு நீ வருகிறாயா என்று காதண்ணையைக் கேட்டார். பெட்டி போனது. நாங்கள் மூச்சு விட்டோம். விட்டு முடிப்பதற்குள் காதண்ணை கப்பல் ஹெட்போனைத் தூக்கிக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் ஒழுங்கையில் ஓடினார். அதிகாரியின் கையில் அதைத் திணித்துவிட்டு வந்தார்.

நசீர் தலையில் கை வைத்துக்கொண்டு, ஏன் இந்த விசர் வேலை என்று கேட்டான்.

"வேற ஹெட்போனில கேட்டால் என்ர பெட்டியைப் பற்றி அந்தாள் என்ன நினைக்கும்?"

பிறகு மைதானத்துக்குப் போய், பிந்தி வந்ததற்கு ஏச்சு வாங்கி, இருட்டும்வரை குந்தியிருந்தோம். காதண்ணை பக்கத்தில் இருந்து நட்டத்தைக் கூட்டினார். பெட்டிச் சாமான், பற்றரி, ஹெட்போன் எல்லாம் சேர்த்து அறுநூறு ரூபா. அதை நான் தருகிறேன் என்றேன். ஒற்றைக்காதில் கேட்டவனிடம் முழுக்காசு வாங்குவது நியாயமில்லையாம். "அரைவாசி தாரும்" என்றார்.

சம்பளம் வந்ததும் கொண்டுபோய் நீட்டினேன். அவர் காதில் பஞ்சு. மூன்று தரம் சொல்லியும் அவருக்குக் கேட்கவில்லை. அந்த முந்நூறு ரூபா இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.