தலைமை எழுத்தரின் கைராசி

மனிதகுலத்தின் மகத்தான கண்டுபிடிப்பு எதுவென்றால், டாக்டர் இல்லாமலே வைத்தியம் பார்க்கலாம் என்பதுதான். கண்டுபிடித்தவர், நில அளவை அலுவலகத்துத் தலைமை எழுத்தர். அந்த அலுவலகத்தில் நாற்காலிக்கு ஓர் ஆணி அடிப்பதென்றாலும் மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டும். ஆன்டிபயாடிக் மாத்திரைக்கோ அவருடைய ஒரு தலையசைப்பே போதும்.

யாராவது தும்மினால் அவருடைய மேசை இழுப்பறை திறக்கும்.

"இந்தாம்மா, காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. நல்லாயிட்டா நிறுத்திடு. மிச்சத்தை என்கிட்டயே கொடு, அடுத்தவங்களுக்கு ஆகும்."

சளி தானாக வந்தது, தானாகப் போனது. பெயர் மட்டும் இவருக்குப் போய்ச் சேர்ந்தது. "என்ன கைராசி சார் உங்களுக்கு!" என்று தட்டச்சர் அம்மா உருகிப்போவார்.

மருந்துக்கடைக்காரர் ஒருமுறை வாய்தவறி, "டாக்டர் சீட்டு இருக்கா சார்?" என்று கேட்டுவிட்டார்.

"சீட்டா? நான் என்ன பஸ்ஸுலயா ஏறுறேன்?"

"இல்ல சார், இது ஆன்டிபயாடிக்..."

"தெரியும்யா. தெரிஞ்சுதானே பேரைச் சொல்லிக் கேட்கிறேன்!"

வாதத்தின் கனம் தாங்காமல் கடைக்காரர் அட்டையை எடுத்து நீட்டினார்.

இப்படி அலுவலகமே ஆரோக்கியமாக இருந்த வேளையில், அவருடைய மனைவிக்கு நீர்க்கடுப்பும் குளிர்காய்ச்சலும் வந்தன.

"டாக்டர்கிட்ட போயிட்டு வந்துடலாங்க."

"வீட்டுலயே ஆள் இருக்கும்போது வெளியில எதுக்கு?"

மாத்திரை கொடுத்தார். காய்ச்சல் இறங்கியது, நிறுத்தினார். மறுபடி ஏறியது, வேறு நிறத்தில் கொடுத்தார். இறங்கியதும் அதையும் நிறுத்தினார். கிருமிகளுக்கு அந்த வீட்டில் கிடைத்த பயிற்சி எந்தக் கல்லூரியிலும் கிடைத்திருக்காது. கடைசியில் காய்ச்சல் தலைக்கேறி, கட்டின புருஷனையே "நீங்க யாரு?" என்று அந்த அம்மாள் கேட்டபோதுதான் மனுஷன் மாத்திரை அட்டையைக் கீழே வைத்தார். கிடைத்த வண்டியைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார். வாசல் பெஞ்சில் சோறு தண்ணீர் இல்லாமல், எந்த மாத்திரையின் பெயரும் நினைவுக்கு வராமல் உட்கார்ந்திருந்தார்.

ஒருவழியாக மனைவி கண் திறந்தார். சேதி கேட்டு அலுவலகமே திரண்டு வந்து கட்டிலைச் சுற்றி நின்றபோது, டாக்டர் உள்ளே வந்தார்.

"எந்த மாத்திரையும் இவங்களுக்குக் கேட்கல. இந்தக் கிருமிக்குக் கேட்கிற ஒரே ஒரு ஊசி மருந்துதான் மிச்சமிருந்துச்சு, அதைத்தான் ஏத்தியிருக்கோம். பிழைச்சதே பெரிய விஷயம். இதுக்கு முன்னாடி இவங்களுக்கு வைத்தியம் பார்த்தது யாரு?"

தலைமை எழுத்தர் மின்விசிறியை ஆராயத் தொடங்கினார். அவருடைய அடக்கத்தை அலுவலகத்தால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

"இவர்தான் சார்! எங்க எல்லாருக்குமே இவர்தான் பார்க்கிறாரு!"

எல்லா விரல்களும் ஒன்றாக நீண்டன. டாக்டரின் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, தட்டச்சர் அம்மா மட்டும் மெல்லக் கையை இறக்கப் போனார்.

கட்டிலிலிருந்து மெலிந்த குரல் வந்தது.

"இறக்காதீங்கம்மா. டாக்டர் ஆளை நல்லாப் பார்த்து வச்சுக்கட்டும்."