கோஸ்தான் மாப்பிள்ளை

கார் ஓட்டத் தெரியாதவனால் ஊருக்கு ஆபத்தில்லை. ஓட்டத் தெரிந்தவனையும் ஒருவாறு பொறுத்துக்கொள்ளலாம். காரைப் பிரிக்கத் தெரிந்து, திரும்பச் சேர்க்கத் தெரியாதவன் என்று ஒரு ரகம் உண்டு. அவனைக் கண்டால் அடுத்த தெரு வழியாகப் போய்விடுவதுதான் புத்திசாலித்தனம். நான் அந்த ரகம்.

அப்போது எனக்குக் கல்யாண வயது. பாயான் லெப்பாசில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை. அடுத்தவர் செய்த பொருளில் குற்றம் கண்டுபிடிப்பதற்காக மாதச் சம்பளம் வாங்கியவன் நான் என்பதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சிரிக்க உதவும்.

தாசேக் கெலுகோரில் ஒரு கோழிக் கொட்டகைக்குள் அந்தக் காரைக் கண்டேன். வெள்ளைக்காரன் காலத்துச் சின்னக் கார், ஆமை மாதிரி முதுகு. (கம்பெனி பெயரைச் சொல்ல மாட்டேன். அவர்கள் ஒழுங்காகத்தான் செய்து அனுப்பியிருந்தார்கள். கெடுத்தது முழுக்க நான்.) லாரியில் ஏற்றி ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டுக் கார் போர்ச்சில் இறக்கியபோது, பின் சீட்டிலிருந்து ஒரு கோழியும் இறங்கியது. அம்மா கோழியை மட்டும் வரவேற்றார்.

அதன்பிறகு எங்கள் வீடு வீடாக இல்லை. கதவுகள் துணிக்கொடிக்குக் கீழே சாய்ந்து நின்றன. பானெட்டின் மேல் அம்மா மிளகாய் காயவைத்தார். கார்புரேட்டரை நான் மாவு கரைக்கும் சட்டியில் போட்டுக் கழுவியதில், ஒரு வாரம் தோசையில் பெட்ரோல் மணந்தது. பக்கத்து வீட்டுச் சீன அங்கிள் தினமும் காலையில் காப்பிக் குவளையோடு வேலியோரம் வந்து நிற்பார். "போலே ஜாலான்கா?" என்பார். ஓடுமா என்று கேட்கிறாராம். "போலே, போலே" என்பேன். அவர் என்னைப் பார்த்து, காரைப் பார்த்து, கடைசியில் வானத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவார்.

இதுவரை யாருக்கும் நஷ்டமில்லை. வினை மாலினியின் அப்பாவைப் பார்க்கப் போன அன்றுதான் வந்தது.

மாலினி என்னோடு வேலை செய்தவள். எங்களுக்குள் எல்லாம் முடிவாகிவிட்டது, அவள் அப்பாவைத் தவிர. அவர் புக்கிட் மெர்தாஜாமில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஊரே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். மனிதர்களை அவர் எடைபோடும் விதமே தனி. என் படிப்பைக் கேட்கவில்லை, சம்பளத்தைக் கேட்கவில்லை.

"தம்பி, லைசன்ஸ் டெஸ்டுல பார்க்கிங் முதல் தடவையிலே பாஸா?"

மூன்றாம் தடவை. இருமினேன்.

"முன்னுக்குப் போறது எல்லாருக்கும் வரும் தம்பி. கோஸ்தான் எடுக்கத் தெரியணும். அவன்தான் டிரைவரு" என்றார். (எங்கள் ஊரில் தமிழன், மலாய்க்காரன், சீனன் எல்லாருக்கும் ரிவர்ஸ் என்றால் கோஸ்தான்தான்.)

மானம் போகிறதே என்று வாயைத் திறந்தேன். "ஒரு பழைய காடிய நானே பிரிச்சு, நானே சேர்த்துக்கிட்டு இருக்கேன் அங்கிள். கிட்டத்தட்ட முடிஞ்சிருச்சு."

அந்த நேரத்தில் அந்தக் காடியின், அதாவது காரின், எஞ்சின் ஒரு கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. கியர் பெட்டி அம்மாவின் பழைய பாயில் படுத்திருந்தது.

மாஸ்டரின் முகம் மலர்ந்தது. "அப்படியா? அப்ப நிச்சயத்துக்கு அந்தக் காடியிலேயே வாங்க. பார்ப்போம் லா."

வெளியே வந்ததும் மாலினி என்னைப் பிடித்துக்கொண்டாள். "உங்கள யாரு வாயத் திறக்கச் சொன்னா? காடி வரலன்னா, பேச்சுல சுத்தமில்லாத பையன்னு முடிவு கட்டிருவாரு. எங்க அத்தை வேற, தன் மகனுக்குக் கேக்கலாம்னு காத்துக்கிட்டு இருக்காங்க."

என் வாழ்க்கை, வாயால் கெட்ட தவளையின் வாழ்க்கை. காருக்கு உயிர் வந்தால் மாலினி. வராவிட்டால் அத்தை மகன்.

அன்றிலிருந்து வேலைவிட்டு வந்ததும் காருக்கு அடியில்தான் குடித்தனம். வீடியோவில் ஒரு வெள்ளைக்காரத் தாத்தா கியர் பெட்டியைப் பேசிக்கொண்டே சேர்ப்பார், ஏதோ வெற்றிலை மடிப்பது மாதிரி. அவர் செய்ததையெல்லாம் நானும் செய்தேன். பெட்டியை மூடி, கடைசி போல்ட்டையும் முறுக்கிவிட்டுப் பார்த்தால், பாயில் ஒரு சின்ன ஸ்பிரிங் மிச்சம் இருந்தது. தொழிற்சாலையில் இப்படி ஒன்று மிஞ்சியிருந்தால் முழு வரிசையையும் நிறுத்திச் சத்தம் போட்டிருப்பேன். இங்கே, "கூடுதலாக ஒன்று கொடுத்திருப்பான், நல்ல மனுஷன்" என்று சொல்லிக்கொண்டு அம்மாவின் அஞ்சறைப் பெட்டியில் கடுகோடு போட்டுவைத்தேன்.

நிச்சயத்துக்கு இரண்டு நாள் முன்பு கார் உறுமியது! புகை எங்கள் வீட்டு வரிசை முழுவதும் பரவியது. சீன அங்கிள் ஓடி வந்து கைதட்டினார். அக்கா பரமேஸ் மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதுல நானும் வரணுமா?" என்று கேட்டார்.

அப்போதுதான் அம்மா சட்டம் போட்டார். கார் மூக்கை உள்ளே வைத்து நின்றது. வெளியே எடுக்க ரிவர்ஸ்தான் வழி.

"நல்ல காரியத்துக்குப் பின்பக்கமாவாடா புறப்படுறது? நடக்காது. நெஞ்சு தெருவைப் பார்க்கணும்."

அம்மாவிடம் வாதாடி வென்றவர் எங்கள் குடும்பத்தில் இல்லை. பக்கத்து வீட்டார் எல்லாரும் சேர்ந்து காரைத் தள்ளி, தெருவில் திருப்பி, மூக்கு வெளியே தெரிய நிறுத்தினோம். அதற்குப் பிறகு ஓட்டிப் பார்த்ததெல்லாம் முன்பக்கமாகத்தான்; திரும்ப உள்ளே வைக்க ஆள் சேர்த்துத் தள்ளிக்கொள்வோம். ரிவர்ஸ் கியரை நான் ஒரு தடவைகூடத் தொடவில்லை. தேவை வரவில்லையே!

ஞாயிற்றுக்கிழமை மாலை. நாலரைக்கு ராகு காலம், அதற்குள் பெண் வீட்டில் கால் வைத்துவிட வேண்டும். அப்பா, தன் உயிர்மேல் ஆசையுள்ளவர், சித்தப்பாவின் வேனில் ஏறிக்கொண்டார். உறவுக் கூட்டம் அதில் முன்னால் போய்விட்டது. என் காரில் பின் சீட்டில் அம்மா, மடியில் தேங்காய், வெற்றிலை, பட்டுப்புடவை வைத்த தாம்பாளம். முன்னால் அக்கா. டயர் எலுமிச்சம்பழத்தை நசுக்க, "முருகா" என்று புறப்பட்டோம்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், கார் அற்புதமாக ஓடியது. எங்கள் தீவிலிருந்து அக்கரைக்குப் போகும் பாலத்தின் மேல் கடல் காற்று அடித்தது. பக்கத்தில் போன கார்க்காரர்கள் ஜன்னலை இறக்கிக் கட்டைவிரலைக் காட்டினார்கள். அக்காகூட, "பரவால்ல லா" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கரை இறங்கி புக்கிட் மெர்தாஜாமை நெருங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. அதையும் ஆசீர்வாதம் என்றுதான் நினைத்தேன்.

மாஸ்டரின் தெரு ஒடுங்கல், இரண்டு பக்கமும் லோங்காங். அந்தச் சாக்கடையில் விழுந்தால் டயர் மட்டுமல்ல, குடும்ப மானமும் உள்ளே போய்விடும். தெருவுக்குள் பாதி தூரம் போயிருப்பேன், எதிரே ஒரு கேஸ் லாரி வந்து நின்றது. ஓட்டுநர் கையை வெளியே நீட்டி, "கோஸ்தான்! கோஸ்தான்!" என்று கத்தினார்.

ரிவர்ஸ் போட்டேன். 'டக்' என்று உள்ளே ஏதோ விழுந்தது. தெருமுனைவரை பின்னால் வந்து, பெரிய சாலையோரம் ஒதுங்கி வழிவிட்டேன். லாரி கையாட்டிவிட்டுப் போனது. முதல் கியருக்கு மாற்றக் கம்பியைத் தள்ளினேன். அசையவில்லை. இழுத்தேன். இரண்டு கையாலும் இழுத்தேன். கம்பியின் தலையில் இருந்த குமிழ் மட்டும் கழன்று கையோடு வந்தது.

"என்னா லா அது?" என்றார் அக்கா.

"கியரு."

"அலாமாக்!"

எனக்கு உடனே அஞ்சறைப் பெட்டி நினைவுக்கு வந்தது. கடுகுக்கு நடுவே அந்த ஸ்பிரிங் சுகமாகப் படுத்திருக்கும். கியரை அதனதன் இடத்தில் நிறுத்துவது அதன் வேலையாக இருந்திருக்க வேண்டும். இந்தக் கார் இனிமேல் பின்னால் மட்டும்தான் போகும்.

சித்தப்பாவுக்குப் போன் அடித்தோம். எடுக்கவில்லை. (பெண் வீட்டு உளுந்து வடையில் முழுகியிருந்தார் என்று பிறகு தெரிந்தது.) வெளியே மழை கொட்டியது. அம்மாவின் பட்டு, தட்டுப் புடவை, பூ எல்லாம் நனைந்துவிடும். ராகு காலம் வேறு வாசலில் நின்றது.

"அம்மா, தெருவுக்கு அந்தப் பக்கமும் வாசல் இருக்கு. இந்தத் தாமான் வீடுங்களையெல்லாம் சுத்திக்கிட்டு அந்த முனையால கோஸ்தான்லயே போயிரலாம். ஆனா..."

"பின்பக்கமாவா பொண்ணு கேக்கப் போறது? செத்தாலும் மாட்டேன்."

"அம்மா, அவரு வாசல்ல நிப்பாரு. காடி வரலன்னா மாலினி எனக்கு இல்லம்மா." வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்துவிட்டது.

அம்மா என்னையே பார்த்தார். பிறகு கேட்டார்: "நீ எந்தப் பக்கம் பார்த்து ஓட்டுவே?"

"பின்னாடி திரும்பித்தான்."

"அப்ப நாங்களும் திரும்பி உக்காந்துட்டா, அது முன்னுக்குப் போறதுதானே?"

சொல்லிக்கொண்டே அம்மா சீட்டில் மண்டி போட்டு, பின் கண்ணாடியைப் பார்த்துத் திரும்பிவிட்டார். தாம்பாளத்தைக் கண்ணாடியோரம் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

"பரமேசு, திரும்பி உக்காரு!"

அக்காவும் முணுமுணுத்துக்கொண்டே மண்டி போட்டார். எங்கள் குடும்பம் ஒரே திசையில் பார்த்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

போனோம். தாமானைச் சுற்றிப் பின்பக்கமாகவே போனோம். எஞ்சின் அழுதது. "இடது பக்கம் லோங்காங்! லோங்காங்டா!" என்று அக்கா கத்த, அம்மா கந்த சஷ்டி சொல்ல, நான் கழுத்து முறியத் திரும்பிக்கொண்டு ஓட்டினேன். காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். ஒருவர் எங்கள் நம்பர் பிளேட்டைப் பார்த்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். (எங்கள் நாட்டில் கார் விசித்திரமாக நடந்துகொண்டால் அந்த எண்ணை நான்கு நம்பர் லாட்டரியில் கட்டாமல் விடமாட்டார்கள். அந்த வாரம் விழவில்லை. அந்த மனிதரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.)

மறுமுனையால் தெருவுக்குள் நுழைந்தோம். அதோ வாசலில் குடை பிடித்து மாஸ்டர். அவருக்குப் பின்னால் எங்கள் உறவும் அவர் உறவும். அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது ஒரு காரின் பிட்டம், அதில் ஒரு சின்னக் கண்ணாடி, கண்ணாடிக்குள் தாம்பாளத்தோடு சிரிக்கும் அம்மா, பின்னால் பேயறைந்த இரண்டு முகம். சித்தப்பாவின் வாயிலிருந்து வடை விழுந்ததாகச் சாட்சிகள் உண்டு.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அத்தை மகனுக்கு மனத்துக்குள் வாழ்த்துச் சொன்னேன்.

ஆனால் மாஸ்டருக்குப் பழக்க தோஷம். எத்தனையோ வருஷமாகக் கார் பின்னால் வந்தால் அவர் கை தானாக உயரும். குடையைப் போட்டுவிட்டு மழையில் இறங்கினார்.

"லெஃப்ட் ஒடி! ஒடி, ஒடி... போதும்! நேராக்கு! வா... வா... பயப்படாத, வா..."

அவர் சொன்னபடியே ஒடித்தேன். ஒரு சுவரையும் தொடாமல், பூந்தொட்டியையும் இடிக்காமல், கார் அவர் போர்ச்சுக்குள் வழுக்கிக்கொண்டு போனது. "ஸ்டாப்!"

மாஸ்டர் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். இரண்டு பக்கமும் குனிந்து இடைவெளியைப் பார்த்தார். நனைந்த சட்டையோடு என் ஜன்னலுக்கு வந்து, சத்தமாகச் சொன்னார்:

"பாஸ்!"

அம்மா இறங்கி, முதல் காரியமாக மணி கேட்டார். நாலரைக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது. நிச்சயம் நடந்தது.

காரை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோக முடியவில்லை. பாலத்தில் கோஸ்தான் போனால் போலீஸ் பிடிக்கும். அதனால் அது கல்யாணம்வரை மாஸ்டர் வீட்டிலேயே நின்றது. அதைப் பழுதுபார்க்க நான் ஒவ்வொரு ஞாயிறும் போனேன். மாலினி டார்ச் பிடிப்பாள். அந்த ஸ்பிரிங் முதல் ஞாயிறிலிருந்தே என் சட்டைப் பையில்தான் இருந்தது. "எங்க விழுந்துச்சுன்னே தெரியல அங்கிள்" என்று தேடிக்கொண்டே இருந்தேன். ஒருநாள் தேநீர் கொண்டுவந்த மாஸ்டர், என் பையைப் பார்த்தபடி, "மெதுவாத் தேடுங்க மாப்ள, அவசரமில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குக் காது சிவந்துவிட்டது.

இப்போது கார் ஒழுங்காக ஓடுகிறது, எல்லாப் பக்கமும். எங்கள் வீட்டில் யாருக்கு எது கோணலாகிப் போனாலும் சொல்லும் வார்த்தை ஒன்றுதான்: "திரும்பி உக்காரு." என் தொழிற்சாலையில் ஆள் குறைத்து, நான் பெட்டியோடு வீட்டுக்கு வந்த நாளிலும் மாலினி அதைத்தான் சொன்னாள். சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு அடுத்த வேலையைத் தேட முடிந்தது.

நிச்சயத்தன்று மாடி ஜன்னலிலிருந்து அவள் எடுத்த வீடியோ இன்னும் இருக்கிறது. தீபாவளிக்குத் தீபாவளி போடுவோம். அக்கா மகள் அதைக் கடைசியிலிருந்து ஆரம்பத்துக்கும் ஓடவைத்திருக்கிறாள். அதில் கார் மிக அழகாக முன்னால் ஓடும், மழைதான் தரையிலிருந்து வானத்துக்குப் போகும். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்போம். அம்மா மட்டும் அதைப் போடவிடமாட்டார்.

"நிறுத்துடி அத! அதுல நாம பொண்ணு வீட்ட விட்டுப் போறோம்."