ஒலிக்குக் குறைந்த தோட்டா

கணவருக்குப் பிறந்தநாள் பரிசு வாங்கப் போய்ப் போலீஸ் நிலையத்தில் உட்கார்ந்த பெண்கள் இந்த நாட்டில் எத்தனை பேர் இருப்பார்களோ, எனக்குத் தெரியாது. ஒருத்தி இருக்கிறாள் என்பது மட்டும் உறுதி. அவள் தமிழ்ப் பாட ஆசிரியை என்பதையும், அன்றைக்கு இருப்பதிலேயே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு போயிருந்தாள் என்பதையும் வெட்கத்தோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். நான் இலங்கை மலையகத்தில் கொஸ்லந்தைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அவர் ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் உதவி டீமேக்கர். பெரியவர்கள் பார்த்து முடித்த கல்யாணம். மனுஷன் தங்கம்தான். ஆனால் பேச மாட்டார். "குழம்பு நல்லா இருக்கா?" என்று கேட்டால் "ம்" என்பார். (சில நாள் "ம்ம்" என்று வரும். அன்றைக்குக் குழம்பு பிரமாதம் என்று நானே எடுத்துக்கொள்வேன்.)

அவர் வாயைத் திறக்கிற ஒரே விஷயம் துப்பாக்கி. பயந்துவிடாதீர்கள். பள்ளிக்கூட நாளில் கெடெட் படையில் பழகியவர். பதுளையில் குறிசுடும் கழகம் ஒன்றில் உறுப்பினர். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய், குப்புறப் படுத்து, காகிதத்தில் அச்சடித்த கறுப்பு வட்டத்தைச் சுட்டுவிட்டு வருவார். துப்பாக்கி கழகத்திலேயே பூட்டிக் கிடக்கும். ஒரு காக்கையைக்கூடச் சுட்டவரில்லை. வீட்டில் கரப்பான்பூச்சி வந்தால் அடிப்பது நான்தான்.

ஒரு நாள் சாப்பிடும்போது திடீரென்று சொன்னார்: "அடுத்த மாசம் போட்டி. இந்தத் தடவ அம்பது மீட்டர் இல்ல, நூறு மீட்டர். அம்பதுக்கு நல்லா போற தோட்டா நூறுக்குச் சிதறுது. எத எடுக்கிறதுன்னே வெளங்கல."

அவர் என்னிடம் பேசியதிலேயே நீளமான பேச்சு அது. அதிலும் ஒரு கவலையை முதல்முறையாக என்னிடம் சொல்லியிருக்கிறார். அதைத் தீர்த்து வைக்காமல் நான் என்ன மனைவி? போட்டிக்கு ஒரு வாரம் முன்பு அவருடைய பிறந்தநாள் வேறு வந்தது. அந்தத் தோட்டாவையே பரிசாகக் கொடுப்பது என்று முடிவு செய்துவிட்டேன்.

பள்ளிக்கூட இடைவேளைகளில் கைபேசியை வைத்துக்கொண்டு படித்தேன். ஒரு வாரத்தில் எனக்கு நானே பட்டம் கொடுத்துக்கொள்ளும் அளவுக்கு அறிவு வளர்ந்தது. படித்தது இதுதான்: தோட்டா ஒலியைவிட வேகமாகப் புறப்பட்டால், போகப் போக வேகம் குறைந்து, ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்கும் இடத்தில் சற்று ஆடும். அந்த ஆட்டத்தில் குறி விலகும். ஆகவே அவர் சுடுகிற சின்னத் துப்பாக்கிக்கு, புறப்படும்போதே ஒலியைவிட மெதுவாகப் போகிற தோட்டாதான் தூரத்துக்கு நல்லது. ஆங்கிலத்தில் சப்சோனிக் என்று பெயர்; எடையைக் கிரெய்ன் என்ற அளவில் சொல்வார்கள், அவருக்கு வேண்டியது நாற்பது. தமிழ் படிப்பிக்கிறவள் கடையில் போய் சப்சோனிக் என்று கேட்பதா? உட்கார்ந்து தமிழ்ப்படுத்தினேன். ஒலிக்குக் குறைந்த தோட்டா.

சனிக்கிழமை காலை, கூட்டாளி டீச்சர் வீட்டுக்குப் போகிறேன் என்று அவரிடம் பொய் சொல்லிவிட்டுப் பதுளைக்குப் பஸ் ஏறினேன். தோட்டாவைக் கத்தரிக்காய் மாதிரி யாரும் போய் வாங்க முடியாது, லைசன் வேண்டும், கழகத்துக்காரர்கள் கழகத்தின் மூலமாகத்தான் வாங்க வேண்டும் என்பதெல்லாம் நான் படித்த பக்கங்களில் இல்லை. (இருந்திருக்கலாம். நான் நேராக முக்கியமான இடத்துக்குப் போய்விட்டேன்.)

கடைவீதியில் துப்பாக்கி, தூண்டில் எல்லாம் விற்கிற கடை ஒன்று இருந்தது. முதலாளி வெள்ளைத் தொப்பி போட்ட வயதான முஸ்லிம் மனிதர்.

"வாங்க மகள், என்ன வேணும்?"

"தோட்டா வேணுங்க. ஒலிக்குக் குறைஞ்சது."

அவர் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டார். "சத்தம் கொறஞ்சதா?"

"ஆமாங்க," என்றேன். எவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்டார் என்று எனக்குச் சந்தோஷம்.

"எவ்வளவு தூரத்துக்கு?"

"நூறு மீட்டருங்க. அடிச்சா அதே இடத்துல படணும். கொஞ்சமும் விலகக் கூடாது."

"ஆருக்கு மகள்?"

"என் வீட்டுக்காரருக்கு. ஆனா அவருக்குத் தெரியக் கூடாது. கடைசி நிமிஷம் வரைக்கும் தெரியவே கூடாது."

இன்றைக்கு இதை எழுதும்போதுகூட என் காது சூடாகிறது. அன்றைக்கு எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டு வேறு நின்றேன்.

முதலாளி மெதுவாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "ஒக்காருங்க மகள். பிளேன்டீ ஒண்டு குடிங்க," என்றார். பிறகு கடையின் மூலையைப் பார்த்து, "சார்ஜன் மாத்தயா," என்று சிங்கள மரியாதையோடு கூப்பிட்டார். அங்கே காக்கி உடுப்பில் ஒருவர் கடையின் பதிவுப் புத்தகத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்ததை அப்போதுதான் கண்டேன்.

சார்ஜன் சிங்களவர். வேலைக்காகத் தமிழ் படித்தவராம். கடையில் வைத்துப் பேச வேண்டாம், நிலையம் பக்கத்தில்தான், வாருங்கள் என்றார். வழியில் பஸ் நிலையத்தருகே என் வகுப்புப் பிள்ளை ஒன்றின் தாய் எதிர்ப்பட்டாள். "டீச்சர், எங்க போறீங்க?" என்றாள். "சும்மா மார்க்கெட்டுக்கு," என்றேன். பக்கத்தில் சார்ஜன் என் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நிலையத்தில் ஒரு பெண் கான்ஸ்டபிளையும் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டு, சார்ஜன் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"டீச்சர், பயம் வேண்டாம். வீட்டுல மாத்தயா அடிக்கிறதா?"

"இல்லீங்களே."

"குடிச்சிட்டு வர்றதா?"

"இல்லீங்க. பிளேன்டீ மட்டும்தான்."

"அப்போ ஏன் டீச்சர் அவரைச் சுடப் போறது?"

அப்போதுதான் கடையில் நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் வரிசையாகத் திரும்பி வந்து என் முன்னால் நின்றது. சத்தம் குறைந்தது. நூறு மீட்டர். விலகக் கூடாது. வீட்டுக்காரருக்குத் தெரியக் கூடாது. நான் விளக்கத் தொடங்கினேன். பிறந்தநாள், கறுப்பு வட்டம், ஒலியின் வேகம் என்று எல்லாம் ஒன்றாக வந்தது, நடுவில் அழுகையும் வந்தது. பெண் கான்ஸ்டபிள் கைக்குட்டை தந்தாள். நான் சொன்னதில் ஒரு எழுத்துகூட யாருக்கும் விளங்கவில்லை. கடைசியில் சார்ஜன் என் கணவரின் இலக்கத்தை வாங்கி அழைத்தார். கைபேசியை எல்லோருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தார்.

"மாத்தயா, உங்க நோனா, டீச்சர், இங்க போலீஸ்ல. தோட்டா வாங்க வந்தது."

மறுபக்கம் தொழிற்சாலை இயந்திரத்தின் இரைச்சல் மட்டும் கேட்டது.

"எத்தன கிரெய்ன் கேட்டாங்க?" என்றார் என் கணவர்.

சார்ஜன் என்னைப் பார்த்தார். "நாப்பது," என்றேன் அழுகையோடு.

"சரிதான்," என்றார் அவர். கல்யாணமாகி ஆறு மாதத்தில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு. "அழ வேணாம்னு சொல்லுங்க. இதோ வர்றேன்."

இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. வேலை உடுப்போடு வந்து நின்றார். புருவத்தில் தேயிலைத் தூள். கழகத்து அட்டையைக் காட்டினார். அதன் பிறகு, நான் அதுவரை பார்க்காத ஒன்று நடந்தது. அவர் பேசினார்.

சிங்களத்தில் கொஞ்சம், தமிழில் கொஞ்சம். சார்ஜனின் மேசையில் இருந்த பென்சிலை எடுத்துத் தோட்டா போகும் வழியை வரைந்தார். வேகம் எங்கே குறைகிறது, காற்று எங்கே தள்ளுகிறது என்று காட்டினார். "இதுல பெரிசு, வெல கூடினதுன்னு ஒண்ணும் இல்ல சார். ஒரே மாதிரி ரெண்டு துப்பாக்கிக்கு வேற வேற தோட்டா பிடிக்கும். ஒவ்வொண்ணுலயும் அஞ்சு அஞ்சு சுட்டு, எது நெருக்கமா விழுதுன்னு பாக்கணும். நம்ம இஷ்டத்துக்கு வராது." பிறகு என்னைக் காட்டி, "இவங்க கேட்டது பிழை இல்ல சார். கேட்ட விதம்தான் கொஞ்சம்..." என்று நிறுத்தினார்.

பெண் கான்ஸ்டபிள் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து வெளியே போனாள்.

நானோ அந்த வரைபடத்தைப் பார்க்கவில்லை. தூள் ஒட்டிய அந்தப் புருவங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணம் நடந்தது ஆறு மாதத்துக்கு முன்பு. மற்றது அந்த மேசைக்கு முன்னால்தான் நடந்தது.

ஆனால் விஷயம் சும்மா முடியவில்லை. சார்ஜனுக்குச் சிரிப்பு வந்தாலும், கழகத்துக்கு எழுதி அறிவிக்க வேண்டியது அவருடைய கடமை. விசாரித்து முடியும்வரை என் கணவர் துப்பாக்கியைத் தொடக் கூடாது என்று கழகம் சொல்லிவிட்டது. போட்டி போயிற்று. ஒரு வருடமாக அவர் காத்திருந்த போட்டி.

அதை அன்றைக்கே ஊகித்துவிட்டார் போல. திரும்பி வரும் பஸ்ஸில் வெகுநேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பண்டாரவளை தாண்டியதும் நான்தான் தாங்க மாட்டாமல் பேசினேன்.

"என்னால உங்க போட்டி போச்சுங்க."

"ம்."

"கோவமா?"

திரும்பிப் பார்த்தார். "இல்ல. யோசிச்சிட்டு வந்தேன். நான் அந்தக் கவலைய ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல. ஒன்கிட்டதான் சொன்னேன். நீ அதுக்காகப் படிச்சிருக்க." பிறகு, "வேகம் குறையிற எடத்துல ஆடும்னு எங்க படிச்ச?" என்றார்.

ஹல்துமுல்லை வரைக்கும் அதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தோம். அவருக்கு எதிராக நான் இரண்டு வாதங்கள்கூட வைத்தேன். இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டு, அடுத்த தரிப்பில் இறங்கி நடந்தோம்.

இரண்டு மாதத்தில் தடை நீங்கியது. கழகத்தில் மூன்று வகைத் தோட்டா எடுத்து, என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அவர் ஐந்து ஐந்தாகச் சுடச் சுட, நான் பள்ளிக்கூட அடிமட்டத்தை வைத்துக் காகிதத்து ஓட்டைகளை அளந்தேன். ஜெயித்தது நான் தேர்ந்ததும் இல்லை, அவர் தேர்ந்ததும் இல்லை. கழகத்து அலமாரியில் யாரும் சீண்டாமல் கிடந்த பெட்டிதான். அடுத்த வருடம் அதை வைத்துச் சுட்டு மூன்றாவதாக வந்தார்.

இப்போது எங்கள் மகள் நாலாம் வகுப்பு. போன மாதம் அவளுடைய வகுப்பு டீச்சர் எங்கள் இருவரையும் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொன்னார். மிகவும் தயங்கி, கதவைச் சாத்திவிட்டு, கட்டுரைக் கொப்பியை எடுத்து நீட்டினார். தலைப்பு, 'என் குடும்பம்'. இரண்டாவது பந்தியில் முத்து முத்தான எழுத்தில் இருந்தது: 'எனது அம்மா எனது அப்பாவைச் சுட இருந்தார். போலீசார் பிடித்தார்கள். அன்றிலிருந்து அவர்கள் மிகவும் அன்பாக இருக்கிறார்கள்.'

"இதுல ஏதாவது உண்மை இருக்குதுங்களா?" என்று டீச்சர் அவரைக் கேட்டார்.

என் கணவர் கொப்பியை வாங்கி ஒருமுறை முழுதாகப் படித்தார்.

"எல்லாமே உண்மைதாங்க," என்றார்.