இனிப்பு ஒழிப்பு ஆண்டு

இந்த ஆண்டை இனிப்பு ஒழிப்பு ஆண்டாக நகர நிர்வாகம் பெருமகிழ்ச்சியுடன் அறிவித்தது. சீனாவில் தாய்ஹூ ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் ஊரில் பன்றி விலாவைக்கூடச் சர்க்கரை போட்டுத்தான் சமைப்போம். ஆகவே அறிவிப்பில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது.

எது இனிப்பு என்று தீர்மானிக்கும் பொறுப்பு எங்கள் அலுவலக இயக்குநர் கோங்கின் தலையில் விழுந்தது. அவர் நாக்கை நம்புகிறவர் அல்ல. நாக்கு ஆளுக்கொரு அபிப்பிராயம் சொல்லும். அதனால் எங்கள் நாட்டுப் பாரம்பரிய மருத்துவ நூலை வரவழைத்தார். மண்ணீரலுக்குப் பலம் தருவது இனிப்புச் சுவை என்று சொன்ன அந்த நூல் அரிசி, கிழங்கு, முட்டைக்கோஸ், மாட்டிறைச்சி, முட்டை எல்லாவற்றையும் அந்தச் சுவையில்தான் சேர்த்திருந்தது. இயக்குநர் கொஞ்சமும் தயங்காமல் அத்தனையையும் ஒழித்தார்.

அலுவலக உணவுக்கூடம் நடத்திய லுவோ அக்காவுக்குப் பாகற்காயும் பூண்டும் வினிகரும் மிஞ்சின. வாரம் முடிவதற்குள் கூடம் காலி. அக்காவுக்கு அதுதான் பிழைப்பு. நேரே இயக்குநர் அறைக்குப் போனார். கோப்பும் கையுமாக நானும் அங்கேதான் நின்றிருந்தேன்.

"மனுஷன் வயித்துக்குச் சாப்பிடுற எல்லாத்தையும் இனிப்புன்னு தள்ளிட்டீங்களே சார்."

"அதனாலதாம்மா பிரச்சினை இவ்வளவு பெருசா வளந்திருக்கு."

"அப்ப நீங்க குடிக்கிறது?"

இயக்குநர் கையில் பபிள் டீ, அதன் மேல் விரற்கடை உயரத்துக்கு க்ரீம். அடியில் கிடந்த கடைசி ஜவ்வரிசி உருண்டையையும் உறிஞ்சிவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"இது நூல்ல இல்லம்மா. நூல்ல இல்லாத பொருளுக்கு ஏது சுவை?"

"வாயில வச்சாத் தெரியுமே சார்."

"வாய் சொல்றதையெல்லாம் கோப்புல ஏத்த முடியுமா?"

கூடம் மூடப்பட்டது. அதே இடத்தில் பபிள் டீ கடை வந்தது. ஊழியர்கள் அனைவரும் கொள்கைப் பிடிப்போடு காலையிலும் மாலையிலும் குடித்தோம். இனிப்பற்ற முன்மாதிரி அலுவலகம் என்று கேடயம் கிடைத்தது. அதை வாங்க மேடையேறியபோது இயக்குநருக்கு மூச்சு வாங்கியது.

பிறகு எங்கள் எல்லோருக்கும் வயிறு உப்பியது, கை கால் கனத்தது, மத்தியானமானால் கண்ணைச் சுழற்றியது. வைத்தியர் ஷியே நாடி பிடித்து, நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். மண்ணீரல் படுத்துவிட்டது, உடம்புக்கு முறையான இனிப்புச் சுவை சேரவே இல்லை என்றார். வேளாவேளைக்கு வள்ளிக்கிழங்கு போட்ட அரிசிக் கஞ்சி குடிக்க வேண்டுமாம். மருந்தாகக் குடிக்கும் அரிசிக்குத் தடை பொருந்தாது என்று இயக்குநரே கையெழுத்துப் போட்டார்.

கஞ்சி காய்ச்ச வைத்தியர் அமர்த்தியது லுவோ அக்காவை. வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு கரண்டி பிடித்தார். வரிசையில் முதல் ஆள் இயக்குநர். அக்கா என்று கூப்பிட இப்போது யாருக்கும் வாய் வரவில்லை.

"டாக்டரம்மா, கொஞ்சம் உப்பு..." என்று கிண்ணத்தை நீட்டினேன்.

"மருந்துக்கு உப்புக் கேக்குறீங்களே, படிச்சவர்தானே?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. தலை குனிந்து மன்னிப்புக் கேட்டு, இன்னொரு கிண்ணமும் வாங்கிக் குடித்தேன். உடம்பில் நல்ல குணம் தெரிகிறது.