திமிங்கலத்தின் தாய்மாமன்

வாசகரே, பாலூட்டிகளில் ஓர் இனம் இருக்கிறது. விலங்கியல் புத்தகத்தில் தேடாதீர்கள், கிடைக்காது. இரண்டு கால், இரண்டு கை, எப்போதும் சற்றே திறந்திருக்கும் வாய். இந்தப் பிராணி எங்கேயோ எதையோ ஒரு முறை படித்துவிடும். அதற்குப் பிறகு இட்லி வேகாததில் இருந்து எல்லை தாண்டிய லாரி கவிழ்ந்தது வரை உலகத்தில் நடக்கும் அத்தனையையும் அந்த ஒரு விஷயத்தில் கொண்டுபோய்க் கட்டிவிடும். லாவோஸில் ஒரு படகுத்துறையிலும் இதைப் பார்க்கலாம், போர்ச்சுகலில் ஒரு சலவைக் கடையிலும் பார்க்கலாம். ஆனால் நன்றாகக் கொழுத்து வளர்ந்த ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால் கும்மிடிப்பூண்டி வழியாகப் போகும் ரயிலில் ஏறுங்கள். தேட வேண்டாம். அதுவே உங்களைத் தேடி வரும்.

அடையாளம்? முதலில் ஒரு கேள்வி வரும்: “இது இன்னா தெரியுமா?” தெரியாது என்றால் சொல்லும். தெரியும் என்றால், உங்களுக்குத் தெரிந்தது தப்பு என்று சொல்லும். தூங்குவது போல நடித்தால் காத்திருக்கும்.

கல்பனாவின் அண்ணன் ஜெகன் இந்த இனத்தைச் சேர்ந்தவன். காக்களூர் தொழிற்பேட்டையில் ஷாம்பு பாட்டிலுக்கு மூடி வார்க்கும் சின்னக் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். கவனியுங்கள், ஷாம்பு அல்ல, மூடி. உள்ளே போகும் சரக்கை அவன் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் ஒருநாள் மாதிரிக்கு வந்த பாட்டிலில் ‘கெரட்டின்’ என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டான். டீ நேரத்தில் செல்போனைத் திறந்து அது என்னவென்று பார்த்தான். அவ்வளவுதான். மூடியைப் போட ஆள் இல்லாமல் போயிற்று.

முடியும் நகமும் மாட்டுக் குளம்பும் காண்டாமிருகக் கொம்பும் முள்ளம்பன்றி முள்ளும் எல்லாமே கெரட்டின் என்ற புரதம்தான் என்பது அவனுக்கு முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. இரண்டாவது வாரம் ஜீனுக்குள் இறங்கினான். நம் முடியைச் செய்கிற ஜீன்களின் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் பல்லியின் நகத்தில் இருக்கிறார்களாம். ஒரு ஜீன் தன்னைப் போலவே இன்னொன்றை நகல் எடுக்க, அந்த நகல் மெல்ல மெல்ல மாறி வேறு வேலை பார்க்கப் போக, இப்படிக் கிளை பிரிந்து பிரிந்துதான் பாலூட்டிகளுக்கு ரோமம் வந்ததாம். சிம்பன்சிக்கு வேலை செய்யும் ஒரு முடி ஜீன் மனிதனுக்குப் பழுதாகிக் கிடக்கிறதாம். திமிங்கலம் கடலுக்குள் போனபின் முடி ஜீன்களில் பலவற்றை இழந்துவிட்டதாம். இவ்வளவும் உண்மை. அதுதான் பேஜாரே. பொய்யாக இருந்தால் அவன் வாயை என்றைக்கோ அடைத்திருக்கலாம்.

கல்பனாவுக்கு இது சிரிப்பான விஷயம் அல்ல. அவளை ஆரம்பாக்கத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். குழந்தை பூமிகாவுக்குக் குலதெய்வம் கோயிலில் முதல் மொட்டை, தாய்மாமன் மடியில் உட்காரவைத்துப் போட வேண்டும். போன வருடமே நாள் குறித்தார்கள். ஜெகன் ரயிலில் வந்துகொண்டிருந்தவன், எதிரே உட்கார்ந்திருந்தவருக்குக் காண்டாமிருகத்தை விளக்கிக்கொண்டே ஆரம்பாக்கத்தைத் தாண்டி சூலூர்ப்பேட்டைக்குப் போய்விட்டான். மொட்டை நின்றுபோயிற்று. மாமியார் ஞானம்மா அன்றைக்கே சொல்லிவிட்டாள்: அடுத்த தடவையும் இப்படி ஆனால் தன் தம்பி சுப்பிரமணியின் மடியில் குழந்தையை உட்காரவைத்துவிடுவாளாம். அப்படி நடந்தால் என்ன ஆகும்? கல்பனாவின் பிறந்த வீட்டுக்கு ஒரு மடிக்குக்கூட வக்கில்லை என்று, பூமிகாவுக்குக் கல்யாணமாகி அவள் பிள்ளைக்கு மொட்டை போடும் காலத்திலும் அந்த வீட்டில் பேசுவார்கள்.

ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை கல்பனா தன் கணவன் பரத்தைக் காக்களூருக்கே அனுப்பி, அண்ணனைப் பைக்கில் ஏற்றி, பேசினால் காற்றில் கேட்காத வேகத்தில் கொண்டுவரச் செய்தாள். வயலுக்கு நடுவே கோயில். பலகையில் ஜெகன், அவன் மடியில் பூமிகா, எதிரே கத்தியோடு முடிவெட்டும் விமல். சற்றுத் தள்ளி, கஞ்சி போட்ட வேட்டியில், மடியைத் தயாராக வைத்துக்கொண்டு சுப்பிரமணி. பன்னிரண்டு மணிக்கு எமகண்டம். அதற்குள் முடிய வேண்டும்.

தாய்மாமனுக்கு வேலை ஒன்றே ஒன்றுதான். குழந்தையின் தலையை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆனால் இந்த இனம் கையை வீசாமல் பேசி யாராவது பார்த்திருக்கிறீர்களா? விமல் ஒரு பக்கம் வழித்து, முதல் கற்றை முடி மஞ்சள் துணியில் விழுந்ததுதான் தாமதம்.

“இது இன்னா தெரியுமா விமல்?” என்றான் ஜெகன். வலது கை தலையை விட்டு எழுந்தது.

குழந்தை தலையைத் திருப்பியது. விமல் கத்தியைத் தூக்கிவிட்டான். ஜெகன் பல்லியில் ஆரம்பித்தான். கை இறங்கியதும் கத்தி இறங்கும். அடுத்த வாக்கியத்துக்குக் கை எழும், கத்தியும் எழும். பலிக்காகக் கட்டியிருந்த ஆட்டின் கொம்பைக் காட்ட ஒரு முறை, அதன் குளம்பைக் காட்ட ஒரு முறை. போதாததற்கு விமல், அப்படியானால் தனக்கு ஏன் முன்பக்கம் முடி கொட்டுகிறது என்று கேட்டுத் தொலைத்தான். இந்த இனத்திடம் கேள்வி கேட்பதும் அடுப்பில் எண்ணெய் ஊற்றுவதும் ஒன்று. பூமிகாவுக்கு ஒரு பக்கம் வழுவழுவென்று பளபளத்தது, மறுபக்கம் காடாக நின்றது. பாதித் தலை பிறந்த வீடு, பாதித் தலை புகுந்த வீடு. சுப்பிரமணி வேட்டியை நீவிவிட்டுக்கொண்டார்.

“இன்னாமா, உங்கண்ணன் மொட்ட போட வந்துகிறானா, பாடம் எடுக்க வந்துகிறானா?” என்றாள் ஞானம்மா.

கல்பனா அண்ணனுக்கு முன்னால் போய்க் குந்தினாள். வாயை மூடு என்று சொல்லிப் பயனில்லை, இருபத்தைந்து வருடமாகச் சொல்லிப் பார்த்தவள். வேறு வழி தோன்றியது.

“ண்ணா, எனக்கு ஒண்ணுமே புரியல. காத்துல காட்டாத. அந்த ஜீனு எங்க வேல செய்யுதுன்னு கொழந்த தலமேலயே ரெண்டு கையும் வச்சி காட்டு.”

ஜெகனின் முகம் மலர்ந்ததே ஒரு மலர்ச்சி. பிறந்ததில் இருந்து அவனை யாரும் இப்படிக் கேட்டதில்லை. இரண்டு கையையும் தலைமேல் வைத்து அழுத்தமாகப் பிடித்துக்கொண்டு விளக்கினான். கத்தி ஓடியது. அவன் நிறுத்தும்போதெல்லாம் கல்பனா, அப்புறம் பல்லி என்ன ஆயிற்று, சிம்பன்சிக்கு எப்படித் தப்பியது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே இருந்தாள். அந்தத் தாலாட்டில் குழந்தை தூங்கியே போயிற்று. கடைசியில் உச்சியில் ஒரே ஒரு கற்றைதான் மிச்சம். அது ஜெகனின் உள்ளங்கைக்கு அடியில் இருந்தது. அவனோ அப்போதுதான் திமிங்கலத்துக்கு வந்திருந்தான். கையை எடுக்கச் சொன்னால் காதில் விழவில்லை.

ஞானம்மா அருகில் வந்து நின்றாள்.

“ஏன் நைனா,” என்றாள், “திமிங்கலத்துக்கு முடியெல்லாம் போச்சின்னியே, அந்த மொட்டைக்கு அதோட தாய்மாமன் எங்க ஒக்காந்தான்?”

ஜெகன் வாயைத் திறந்தான். செல்போனில் இது இல்லை. அவன் கடலை நினைத்தான், மடியை நினைத்தான், திமிங்கலத்தின் மாமனை நினைத்தான். இரண்டு கையும் தாமாக நழுவி விழுந்தன. விமல் ஒரே இழுப்பில் கற்றையை எடுத்துவிட்டான். எமகண்டம் பிறந்தபோது பூமிகாவின் தலையில் சந்தனம் காய்ந்துகொண்டிருந்தது. சுப்பிரமணி எழுந்து சாப்பாட்டுப் பந்தலுக்குப் போனார், மடியில் ஒரு சுருக்கம் இல்லாமல்.

எல்லாம் சுபம் என்றுதான் கல்பனாவும் நினைத்தாள். மறுவாரம் ரயிலில் எதிர் இருக்கைப் பெண் ஒருத்தி தலைவாரி, சீப்பில் சிக்கிய முடியைச் சுருட்டி ஜன்னல் வழியே எறிந்தாள். கல்பனா பல்லைக் கடித்துக்கொண்டு பொன்னேரி வரை பொறுத்தாள்.

“அது இன்னா தெரியுமா?” என்றாள் பிறகு. குழந்தையைப் பிடித்திருந்த கைகளில் ஒன்று மெல்ல எழுந்தது.

அவளைப் பார்த்துச் சிரிக்காதீர்கள் வாசகரே. பல்லியின் நகத்தைப் பற்றி இப்போது உங்களுக்கும் தெரியும். இன்று சாயங்காலத்துக்குள் உங்கள் எதிரில் யாராவது நகம் வெட்டத்தான் போகிறார்கள். கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள், பார்ப்போம்.