சீல் அக்காவின் சரசக் கொப்பி

மன்னார்த் தீவில் கலியாணம் முடித்து வெளிநாடு போன பெண்களில் பாதிப் பேரின் காதலை முழுசாக வாசித்த ஒரே ஆள் சீல் அக்காதான். புருசன்மார்கூட அவ்வளவு கவனமாக வாசித்திருக்க மாட்டார்கள்.

சீல் அக்கா சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். பஸ் நிலையத்துக்குப் பின்னால், போட்டோக்கொப்பிக் கடையை ஒட்டி ஒரு சின்ன அறை. ஒரு மேசை, இரண்டு கதிரை, ஒரு அலுமாரி, வட்டமாக ஒரு சீல். பிறப்புச் சான்றிதழும் காணி உறுதியும் அங்கேதான் இங்கிலிஷ் ஆகும். வெளிநாட்டு விசாவுக்கு விண்ணப்பிக்கிற தம்பதிகள், தாங்கள் உண்மையான புருசன் பெண்சாதிதான் என்று காட்டப் போன் மெசேஜ்களையும் அச்சடித்துக் கொடுக்க வேண்டும். அதுவும் அவரிடம்தான் வரும். அவருடைய சொந்தப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. மத்தியானச் சாப்பாட்டுப் பார்சல் மட்டும் பின்னேரம் நாலு மணிவரை மேசையில் பிரிக்காமல் கிடக்கும். வேலை என்று வந்துவிட்டால் அவருக்கு வயிறு கிடையாது.

மொழிபெயர்த்ததைச் சரிபார்க்கச் சத்தமாக வாசிப்பார். கோயிலில் ஞாயிறு பூசையில் வேதாகம வாசகம் வாசிக்கிறவரும் அவரே. ஆகவே எல்லாவற்றுக்கும் அதே குரல். 'என்ர செல்லக்குட்டிக்கு ஆயிரம் உம்மா' என்பதைத் திருமுகம் வாசிப்பதுபோல நிறுத்தி நிதானமாக வாசிப்பார். ஒருமுறை காணி உறுதியோடு வந்திருந்த எருக்கலம்பிட்டி முஸ்லிம் நானா ஒருவர், அரை மணித்தியாலம் முகட்டைப் பார்த்தபடியே இருந்தார். வாசித்து முடிந்ததும் என் வாய், பூசையில் வாசகம் முடிந்ததும் சொல்வதுபோல, 'இறைவா உமக்கு நன்றி' என்று சொல்லப் பார்த்தது.

நான் பள்ளிக்கூடத்தில் இங்கிலிஷ் படிப்பிக்கிறவள். என் கணவர் ஜூட், பேசிச் செய்த மாப்பிள்ளை. கைக்குழந்தையாக வெளிநாடு போய் அங்கேயே வளர்ந்தவர். தமிழ் கதைப்பார், எழுத்துத் தெரியாது. கலியாணம் முடிந்து மூன்று கிழமை என்னோடு இருந்துவிட்டுப் போனார். அதன் பிறகு ஆங்கில எழுத்தில் தமிழ் மெசேஜ்தான். அச்சடித்தபோது எழுபத்திரண்டு பக்கம் வந்தது. சாப்பிட்டீங்களா? ஓம், நீங்கள்? ஓம். என்ன கறி? இவ்வளவுதான் எழுபத்திரண்டு பக்கமும்.

சீல் அக்கா எல்லாவற்றையும் பொறுமையாக மொழிபெயர்த்தார். கடைசிப் பக்கத்தில் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"டீச்சர், இதில புருசன் பெண்சாதியைக் காணேல்லை. ரெண்டு சமையல்காரர்தான் இருக்கினம்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

நாலு மாதத்தில் விசா இல்லை என்று கடிதம் வந்தது. இவர்களுடைய மெசேஜில் தம்பதிகளுக்கான நெருக்கம் தெரியவில்லையாம். எனக்கு அழுகை வந்தது. இன்னொரு முறை விண்ணப்பிக்கலாம். அதுவும் சரிவராவிட்டால் இந்தக் கலியாணம் போனுக்குள்ளேயே கிழடாகிப் போகும் என்று பயந்தேன்.

என்னைவிடச் சீல் அக்காவுக்குத்தான் அவமானம். அவருடைய சீல் குத்திய தாள் திரும்பி வந்ததே இல்லையாம். அலுமாரியைத் திறந்து தடித்த சீ.ஆர் கொப்பி ஒன்றை எடுத்தார். வருசக்கணக்காகக் கையில் வந்த காதல்களில் இருந்து, ஆள் பெயர் எதுவும் இல்லாமல், சரசச் சொற்களை மட்டும் பொறுக்கி இங்கிலிஷில் எழுதி வைத்திருந்தார்.

நான் இங்கிலிஷ் டீச்சர், எனக்குச் சொல் தெரியாதா என்று கேட்டேன்.

"உங்கட இங்கிலிஷ், அதிபருக்கு லீவுக் கடிதம் எழுதுற இங்கிலிஷ். இது உயர்தரம்" என்றார்.

சொற்களை மூன்று வகுப்பாகப் பிரித்திருந்தார். முதலாம் வகுப்பு, கோயில் வாசல். பங்குத்தந்தை பக்கத்தில் நின்றாலும் சொல்லலாம். சார்மிங், ஸ்வீட் எல்லாம் இதில் வரும். இரண்டாம் வகுப்பு, கீரிக் கடற்கரை. பின்னேரம், காற்று வாங்கிக்கொண்டு சொல்ல வேண்டியவை. 'ஐ கான்ட் டேக் மை ஐஸ் ஒஃப் யூ' அங்கே இருந்தது. 'கோய்' என்ற சொல்லுக்கு நேரே, வெட்கமே இல்லாமல் வெட்கப்படுவது என்று விளக்கம் எழுதியிருந்தார். மூன்றாம் வகுப்பு, கதவு பூட்டின பிறகு. அந்தப் பக்கங்களை மட்டும் நாலு ஓரமும் ஸ்டேப்ளர் அடித்து மூடியிருந்தார். இரண்டு வகுப்பும் பாஸ் பண்ணினால்தான் மூன்றாவதாம்.

"ஒண்டு சொல்லுறன் டீச்சர். மனசில இல்லாததை அனுப்பக் கூடாது. நான் சத்தியம் பண்ணிச் சீல் குத்துறவள்."

கோயில் வாசலில் தொடங்கினேன். உங்கள் சிரிப்பை நினைத்துக்கொண்டேன் என்று ஒரே ஒரு வரி. அதை அனுப்ப எனக்கு ஒரு முழுப் பாடவேளை எடுத்தது. பதிலே இல்லை. ஆனால் என் தம்பிக்குப் போன் கோல் வந்தது. அக்காவின் போனை யாரோ களவெடுத்துவிட்டார்கள், உடனே பொலிசுக்குப் போ என்று ஜூட் பதறியிருக்கிறார்.

பிறகு என்னைச் சோதிக்க, கலியாணத்துக்கு அடுத்தநாள் நாங்கள் என்ன சாப்பிட்டோம் என்று கேட்டார். நண்டு, உங்களுக்குக் கால் உடைக்கத் தெரியாமல் நான்தான் உடைத்துத் தந்தேன் என்று எழுதினேன். அதன் பிறகுதான் நம்பினார். நீ உடைத்துத் தந்த விதம் எனக்கு ஞாபகம் இருக்கிறது என்று எழுதினார். நான் அதைப் பத்துத் தரம் வாசித்தேன்.

கடற்கரை வகுப்பு லேசில் வரவில்லை. ஒருநாள் அவர், இப்ப என்ன உடுத்திருக்கிறாய் என்று இங்கிலிஷில் கேட்டார். நீலப் பருத்திச் சேலை, இன்றைக்கு ஆசிரியர் கூட்டம், அதிபர் வருவார் என்று எழுதினேன். அதைச் சீல் அக்காவிடம் காட்டியபோது இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன் டீச்சர் அதிபரை உள்ள விட்டனீங்கள்? சேலையோட நிப்பாட்டியிருக்கலாமே. மிச்சத்தை அவர் நினைக்கோணும்."

மெல்ல மெல்லக் கை வந்தது. கண் சிமிட்டினேன், சீண்டினேன், கோய் ஆனேன். ஜூட்டும் விடவில்லை. வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வதெழுதுதல் கொடுக்கும்போது தனியே சிரித்து மாட்டிக்கொண்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜூட் ஒரே ஒரு கேள்வி அனுப்பினார். இதெல்லாம் விசாவுக்காகத்தானே?

நேரே சீல் அக்காவிடம் ஓடினேன். இதற்கு எந்த வகுப்பில் சொல் இருக்கிறது என்று கேட்டேன். அவர் கொப்பியை மூடினார்.

"இதுக்கு என்னட்டச் சொல் இல்லை. உண்மையை எழுதுங்கோ. தமிழில எழுதுங்கோ."

அந்தக் கதிரையில் இருந்தே, அவருக்கு வாசிக்கத் தெரிந்த ஆங்கில எழுத்தில், தமிழில் எழுதினேன். முதலில் விசாவுக்குத்தான் தொடங்கினேன். இப்போது இல்லை. நீங்கள் இல்லாமல் எனக்கு ஏலாது.

அன்றைக்குப் பதில் வரவில்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் வந்தது. தமிழ் எழுத்தில் வந்தது. யாரிடமோ கேட்டுக் கேட்டு, ஒவ்வொரு எழுத்தாகப் பிழையோடு குத்தியிருக்கிறார். 'எனக்கும் எலாது. விசா தராட்டி நான் மன்னார் வாறன். நண்டு உடைக்கப் பழகுறன்.'

சீல் அக்கா அதை இங்கிலிஷில் ஆக்கிவிட்டு, வழக்கம்போல வாசகக் குரலில் வாசிக்கத் தொடங்கினார். நண்டுக்கு வந்ததும் குரல் நின்றுவிட்டது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சீலை எடுத்து, மேசை ஆடக் குத்தினார்.

இந்த முறை விசா வந்தது.

விடைபெறப் போனபோது, ஸ்டேப்ளர் அடித்த மூன்றாம் வகுப்பை அப்படியே கிழித்து என் கையில் தந்தார். பிளேனில் ஏறின பிறகு திறக்கச் சொன்னார். பக்கத்துச் சீட்டுக்காரர் பார்க்காமல், நகத்தால் கம்பிகளைக் கிளப்பித் திறந்தேன். அத்தனை பக்கமும் வெறும் தாள். கடைசித் தாளின் அடியில் மட்டும், "மற்றவையின்ர பூட்டின கதவு எனக்கெதுக்கு? இதை நீங்கள் ரெண்டு பேரும் எழுதுங்கோ" என்று எழுதி, வட்டமாகச் சீல் குத்தியிருந்தார்.

இப்போது தினமும் மன்னாரில் மத்தியானம் ஆகும் நேரம் பார்த்து அவருக்கு ஒரு மெசேஜ் அனுப்புகிறேன். கொப்பியில் இருந்த எந்தச் சொல்லும் அதற்கு உதவாது. மனதில் இல்லாததை அனுப்பக் கூடாது என்றவர் அவர். அதனால் மனதில் இருப்பதை மட்டும் அனுப்புகிறேன்.

சாப்பிட்டீங்களா, அக்கா?